டவருக்குள்ளே ஒரு பிள்ளையார் சுழி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், கேஸைக் குளிப்பாட்டுகிற டவர் செய்யும் இடத்தில் குறை கண்டுபிடிக்கிற வேலை என்பேன். "அதான் உனக்கு வாய் இவ்ளோ நீளமா கீதுபோல?" என்று என் நாத்தனார் ஒருமுறை கேட்டாள். ஆமாம், அதனால்தான். குறை சொல்லத்தான் எனக்குச் சம்பளம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன் என்று அர்த்தம்.

எங்கள் ஷெட் வல்லம் வடகாலில் இருக்கிறது. சுற்றிலும் காருக்கு உதிரிபாகம், செல்போனுக்கு உதிரிபாகம். காலையில் ஒரகடம் கூட்ரோட்டில் நின்றால், சீருடை போட்ட பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ் மேல் பஸ்ஸாகப் போகும். எங்கள் ஷெட்டுக்கு வருகிற வேனில் மட்டும் பெண்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்தபோது, "பொண்ணுக்கு இரும்பு வேலையா?" என்று எங்கள் சர்ச்சில் கேட்காத ஆள் இல்லை. போனில் திருகாணி மாட்டுவதும் இரும்பு வேலைதானே, சின்ன இரும்பு, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடலுக்கடியில் எடுக்கிற கேஸ் குழாய் வழியாக நேரே அடுப்புக்கு வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வராது. கடலிலிருந்து கரைக்கு வரும்போது அது தனியாக வருவதில்லை. தண்ணீர், மணல், எண்ணெய், கரியமில வாயு, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சில கேஸ் கிணறுகளில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்து வரும். அதை வெறும் நாற்றம் என்று நினைக்காதீர்கள். கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் முதலில் மூக்கு செத்துப்போகும். அப்பாடா, நாற்றம் போய்விட்டது என்று ஆள் நிம்மதியாகும்போது நுரையீரல் நின்றுவிடும்.

ஆகவே கரையிலேயே ஒரு பெரிய ஆலை வைத்து அதைச் சுத்தம் செய்கிறார்கள். முதலில் தண்ணீரையும் மணலையும் பிரிப்பார்கள். பிறகு கேஸ் எங்கள் டவருக்குள் கீழேயிருந்து ஏறும். மேலேயிருந்து அமைன் என்கிற ஒரு திரவம், தட்டு தட்டாக வழிந்து இறங்கும். இரண்டும் ஒவ்வொரு தட்டிலும் சந்திக்கும்போது கேஸில் இருக்கிற விஷத்தை அந்தத் திரவம் வாங்கிக்கொள்ளும். கீழே வந்த திரவத்தை வேறொரு பாத்திரத்தில் காய்ச்சி, விஷத்தைப் பிரித்துவிட்டு, திரும்ப டவரின் உச்சிக்கு அனுப்புவார்கள். குளித்துவிட்டு வந்த கேஸ் ஈரமாக இருக்குமே, அதைத் துவட்ட இன்னொரு டவர். அப்புறம் குளிரவைத்துக் கனமான எண்ணெயைப் பிரிக்கிற இடம்.

இத்தனையும் முடிந்தபின் கேஸுக்குத் துளி வாசம் இருக்காது. வாசம் இல்லாவிட்டால் கசிந்தாலும் யாருக்கும் தெரியாது. அதனால் ஊருக்குள் விடுவதற்கு முன் வேண்டுமென்றே ஒரு கெட்ட வாசனையைக் கலக்கிறார்கள். நாற்றத்தை எடுக்க அவ்வளவு பெரிய டவர், திரும்ப நாறவைக்க ஒரு சின்ன டப்பா. இதை முதலில் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் வீட்டுக்காரர்தான், "நீயும் அப்டித்தான். குறை எடுத்துக்கினு இருப்ப, வூட்டுக்கு வந்து என்னாண்ட கொட்டிட்டுப் போவ" என்றார்.

அப்போது அவர் அதே ஷெட்டில் வெல்டர். அவர் நெற்றியில் திருநீறு, என் கழுத்தில் சிலுவை. கல்யாணத்தின்போது இரண்டு வீட்டிலும் பெரிய கலாட்டா நடந்து, இப்போது இரண்டு வீட்டுக்காரர்களும் எங்கள் வீட்டுக்கு வந்து பிரியாணி தின்றுவிட்டுப் போகிறார்கள். நான் கம்பெனி ஆள். அவர் காண்ட்ராக்ட். அந்த வித்தியாசம் வீட்டுக்குள் அவ்வப்போது சண்டையாக வரும்.

எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. புது வேலையில் கை வைப்பதற்கு முன், வெல்டர் கம்பியை இரும்பின் ஓரத்தில் தட்டி, நெருப்புப் பொறியாலேயே ஒரு பிள்ளையார் சுழி போடுவார். கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு 'உ'. பிறகுதான் உண்மையான வெல்டிங். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள்கூட அது எந்த எழுத்து என்று தெரியாமலே அழகாகப் போடுவார்கள். கொட்டகைத் தூண், படிக்கட்டு, தண்ணித் தொட்டி என்றால் அதனால் ஒன்றும் இல்லை. பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும், சாமியும் உள்ளே பத்திரமாக இருக்கும்.

ஆனால் அழுகின முட்டை கேஸ் போகிற டவரில் அது கூடாது. பொறி பட்ட இடம் ஒரு கணம் உருகி, சுற்றியிருக்கிற குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்ச, சட்டென்று ஆறிவிடும். அப்படி ஆறின இடம் மட்டும் கல் மாதிரி கெட்டியாகிவிடும். டவர் வேலைக்குப் போனபிறகு, அந்தக் கேஸிலிருந்து பிரிகிற ஹைட்ரஜன் இரும்புக்குள் நுழையும். மிருதுவான இரும்பு அதைத் தாங்கும். கெட்டியான இடம் தாங்காது, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வெடிப்பு விடும். இதற்காகத்தான் வெல்டிங் எல்லாம் முடிந்ததும் டவர் முழுவதையும் வீடு அளவு ஃபர்னஸுக்குள் தள்ளி, சூடாக்கி, ஆற அமர ஆறவைத்து இளக்கி எடுக்கிறோம். ஃபர்னஸை விட்டு வெளியே வந்தபின் எந்தப் பொறியும் அதன்மேல் படக் கூடாது. ஆள் நுழைகிற துளையில் சிவப்பு எழுத்தில் போர்டே தொங்கும்.

போன வருஷம் அப்படி ஒரு டவர் தயாராகிப் படுத்துக்கிடந்தது. உள்ளே தட்டுகளைப் பொருத்தும்போது ஒரு தட்டின் சின்னப் பிடி உடைந்துவிட்டது. தட்டைக் கழற்றி வெளியே கொண்டுவந்து, வெல்டிங் வைத்து ஒட்டி, திரும்ப மாட்ட வேண்டும். முறை அதுதான். ஆனால் டவரை ஏற்றிப் போக வேண்டிய நீள டிரெய்லர் வாசலில் வந்து நின்றுவிட்டது. இவ்வளவு நீள வண்டி ரோட்டில் போக போலீஸ் அனுமதி வேண்டும், அது அந்த வாரத்துக்குத்தான் கிடைத்திருந்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உள்ளயே போய் ஒட்டிட்டு வந்துடு" என்று அனுப்பிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் கடைசிச் சோதனைக்கு நான் டார்ச்சோடு உள்ளே தவழ்ந்து போனேன். டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் சின்னக் கீறல்கூடத் தெரியும். அந்த ஒட்டின தட்டுக்குப் பக்கத்தில், டவரின் சுவரிலேயே, ஒன்று பளிச்சென்றது. உ.

முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? வாலை நீட்டி, கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கிவிடுவார். எங்கள் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்த தாளிலும் அதேதான், மளிகைச் சிட்டையிலும் அதேதான். பிறகு நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது.  அப்படியே பின்னால் தவழ்ந்து வெளியே வந்தேன்.

அவர் கேன்டீன் ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், டவருக்குள்ள சுழி போட்டியா?"

"எந்த டவர்ல?"

"ஃபர்னஸ் முடிச்ச டவர்ல."

டீ கிளாஸ் பாதியில் நின்றது. "கைப்பழக்கம்மே. உள்ள போய் குந்தினேன், கை தானா போட்டுடுச்சு."

"ஃபர்னஸ் முடிஞ்சதுக்குள்ள வெல்டிங் ராடு எடுத்துக்கினு உன்ன யாரு போவச் சொன்னது?"

"மேனேஜருதான். வேற யாரு?"

"மாட்டேன்னு சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லிட்டு?" என்று என்னை முறைத்தார். "உன்ன மாதிரி கழுத்துல கம்பெனி கார்டு மாட்டிக்கினு கீறேனா நான்? மாட்டேன்னா நாளைக்கு கேட்டுக்கு வெளிய நிப்பேன்."

உண்மை. அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது. அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "பேஜாரு பண்ணாதே. நானே உள்ள போய் பஃப் அடிச்சு தேய்ச்சுட்றேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"எனக்குத் தெரியும்ல?"

மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் பயந்த மனுஷர். பயந்தவர்களோடு வேலை செய்வதுதான் எனக்குப் பெரிய தலைவலி. விஷயத்தைச் சொன்னதும், "தேய்ச்சு விட்டுடும்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார்.

"தேய்ச்சா மேல இருக்கிற எழுத்து போகும் சார். அடியில இருக்கிற கெட்டி போகாது. ஆழமா கிரைண்ட் பண்ணணும், ஹார்ட்னெஸ் பார்க்கணும், வெடிப்பு இருக்கான்னு பார்க்கணும், தகடு கனம் மிச்சம் இருக்கான்னு அளக்கணும். கஸ்டமரோட இன்ஸ்பெக்டருக்கும் சொல்லணும்."

"டிரெய்லர் நிக்குது, தெரியுமில்ல?"

"தெரியும் சார். வர்ற வழியில அதச் சுத்திக்கினுதான் வந்தேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னா யார் போட்டதுன்னு கேப்பாங்க. காண்ட்ராக்ட் வெல்டர். அவன் கேட் பாஸ் போயிடும். அவன் யாருன்னு நான் உனக்குச் சொல்லணுமா? நல்லா யோசிச்சுக்கோம்மா." நான் எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். "அதுவும் பிள்ளையார் சுழி. உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது, புரியுது. அதுக்காக இப்படியா?"

எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. "எனக்குப் பிடிக்கும் சார். தினமும் அந்தச் சுழியோடதான் குடும்பம் நடத்தறேன். இரும்புக்குத்தான் பிடிக்கல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் சத்தமாகவே சாத்தினேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை. "கட்டினவனையே மாட்டி விடுவியா நீ?" என்று அவர் கேட்டார். "எத்தினி பேரு எத்தினி தப்பு பண்றான். எவன் வூட்லயாவது பொண்டாட்டியே போய் சொல்றாளா?" வெல்டருக்கு ஒரு இடத்தில் கேட் பாஸ் போனால், ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை டீக்கடைக்கு டீக்கடை பேச்சு போய்விடும். என் சம்பளத்தை வைத்து வீட்டை ஓட்டலாம். ஆனால் அவர் சும்மா உட்காரத் தெரியாத ஆள். வேலை இல்லாவிட்டால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத்தான் தெரியும். அந்தப் பயம் எனக்கு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் கேட்டேன். "அந்த டவர் கடலோரத்துல போய் நிக்கும். அதுங்கீழ ஒருத்தன் வால்வு திருப்பிக்கினு நிப்பான். அவனும் உன்ன மாதிரி காண்ட்ராக்ட்காரனாத்தான் இருப்பான். நாத்தம் வந்தாக்கூட ஓடலாம். மூக்கு செத்துப்போனா எங்கய்யா ஓடுவான்? அவனுக்கு ஒருத்தி கீறாளா இல்லையா? அவகிட்ட நான் இன்னான்னு சொல்றது, என் புருஷன் கேட் பாஸுக்காக விட்டுட்டேன்னா?"

 அவர் தட்டில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். நானும் போய்ச் சமாதானம் செய்யவில்லை.

மறுநாள் காலை கஸ்டமரின் இன்ஸ்பெக்டர் சென்னையிலிருந்து வந்தார். மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கூட்டிவந்தார். டவருக்கு மாலை வேறு வாங்கி வைத்திருந்தார்கள். உடைக்கப் பூசணிக்காயும் ரெடி. ஆள் நுழைகிற அந்தத் துளைக்கு முன்னால் நான் போய் நின்றேன்.

"சார், உள்ள ஒரு இடத்துல பொறி பட்டிருக்கு. ஃபர்னஸுக்கு அப்புறம் பட்டது. நான் கையெழுத்துப் போட்டு ரிலீஸ் பண்ணல."

மாலையைக் கையில் வைத்திருந்த ஆள் அப்படியே நின்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்க்கவே இல்லை. "ஒரு வெல்டரோட கவனக்குறைவு சார்" என்றார் உடனே. "யாருக்கும் சொல்லாம உள்ள போயிருக்கான். ஆளை இன்னிக்கே அனுப்பிடறோம்."

யாருக்கும் சொல்லாமலா! நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போட்டது நான்தான் சார்." என் வீட்டுக்காரர் முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார். "என் தப்புதான். ஆனா நானா போவல. உள்ள போய் ஒட்டிட்டு வான்னு அனுப்புனது இவுரு. இவுரு சொல்லாம ஃபர்னஸ் முடிஞ்ச டவருக்குள்ள கரண்ட் ஒயரு எப்டி சார் போவும்?"

நான் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. முதல் நாள் சாயங்காலத்திலிருந்து என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை அவர். ஷெட்டில் கிரைண்டர் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அவர் என் பக்கம் திரும்பாமலே கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பெருமையாகவும் இருந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டு டார்ச்சை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தேன்.

கிரைண்ட் பண்ணினோம். எழுத்து முதல் தேய்ப்பிலேயே போய்விட்டது. மேனேஜர் கேட்டது அதைத்தான். ஆனால் கெட்டியை அளக்கிற ஹார்ட்னெஸ் மீட்டரை வைத்தபோது எண் எகிறி நின்றது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத பளபளப்பான இரும்பு, அதற்குள் அவ்வளவு கெட்டி. இன்ஸ்பெக்டர் மேனேஜர் பக்கம் மீட்டரைத் திருப்பிக் காட்டினார். இன்னும் தேய்த்தோம், அளந்தோம், இன்னும் தேய்த்தோம். கடைசியில் எண் இறங்கியது. வெடிப்பு இல்லை. தகட்டின் கனமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இன்னும் சற்று ஆழமாகப் போயிருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பி, மறுபடியும் ஃபர்னஸ் என்று ஆகியிருக்கும். டிரெய்லர் மறு அனுமதி வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் கிளம்பியது. பூசணிக்காயை நானே உடைத்தேன். சர்ச்சில் யாராவது கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரரின் கேட் பாஸை இன்ஸ்பெக்டர் வந்த அன்று மாலையே வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் இன்றைக்கும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அனுப்பியது அவர்தான் என்று ரிப்போர்ட்டில் நான் எழுதினேன், இன்ஸ்பெக்டரும் எழுதினார். அதற்காக மேலிடத்தில் திட்டு வாங்கினாராம், அவ்வளவுதான். தப்புக்கு வேலை போனது அனுப்பியவருக்கு இல்லை, உள்ளே போனவருக்கு. இது நியாயமா என்று எச்.ஆர். வரைக்கும் போய்க் கேட்டேன். காண்ட்ராக்டரிடம் கேளுங்கள் என்றார்கள். காண்ட்ராக்டர், கம்பெனியிடம் கேளுங்கள் என்றார். பிறகு என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றப் பார்த்தார்கள். "எழுத்துல குடுங்க, எதுக்குன்னும் எழுதிக் குடுங்க" என்றேன். அந்த எழுத்து இன்னும் வரவில்லை. நானும் இன்னும் டவருக்குள்தான் தவழ்ந்துகொண்டிருக்கிறேன்.

வீட்டில் அவர் கொஞ்ச காலம் வேலையில்லாமல் இருந்தார். மிக்ஸியைப் பிரித்துப் போட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனையும் பிரித்துப் போட்டார். மீன் வாங்கி வந்து அவரே குழம்பு வைப்பார், தட்டில் போட்டு என் முன்னால் நகர்த்துவார், பேச மாட்டார். "இன்னா, கோவமா?" என்று கேட்டால், "உப்பு போதுமா பாரு" என்பார். நான் செய்தது சரி என்று அப்போதும் தெரியும். சரியாகச் செய்தவளுக்கு வீட்டில் அந்த அமைதி எவ்வளவு கனம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பிறகு மறைமலை நகர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வெல்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று டெஸ்டுக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்ததும் பையிலிருந்து ஒரு இரும்புத் துண்டை எடுத்து அடுப்பு மேடைமேல் 'ணங்' என்று வைத்தார். உள்ளங்கை அளவு பழைய தகடு. நடுவில் ஒரு உ. வால் நீண்டு, கடைசியில் மேலே தூக்கியிருந்தது.

"இன்னா இது?"

"டெஸ்ட் பீஸ்ல கை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வேஸ்ட் தகடு குடுங்கன்னு கேட்டேன். எதுக்குன்னான். வூட்ல ஒரு இன்ஸ்பெக்டர் கீது, அதுக்குப் பயந்துகினு கேக்கறேன்னேன்."

"பாஸா?"

"பின்ன? சுழி போட்டுட்டு இல்ல ஆரம்பிச்சேன்."

நான் அந்த எழுத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். "இதுல ஹார்ட்னெஸ் எக்கச்சக்கமா இருக்கும்யா."

"இருக்கட்டுமே. இதுக்குள்ள கேஸா போவப் போவுது?" என்று சொல்லிவிட்டு, எவ்வளவோ காலத்துக்கப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "அய்ய, இதுக்கா?" என்று அவர் திட்டினார்.

அந்தத் தகட்டை மறுநாளே டிபன் பையில் போட்டு ஷெட்டுக்குக் கொண்டுபோய் என் மேஜைமேல் வைத்துவிட்டேன். இப்போது வெல்டர்கள் எல்லோரும் புது வேலை தொடங்கும்போது என்னிடம் வந்து ஒரு வேஸ்ட் தகடு வாங்கிப் போகிறார்கள்.

போன வாரம் மேனேஜர் ஏதோ ஒரு ரிலீஸுக்காக என் மேஜைக்கு வந்தார். அவசரமாம், டிரெய்லர் வருகிறதாம். பேசிக்கொண்டே இருந்தவர் கண்ணில் அந்தத் தகடு பட்டது. "இது என்னம்மா, உன் மேஜையில பிள்ளையார் சுழி?"

"என் வீட்டுக்காரர் சார்" என்றேன். "கேட் பாஸ் இல்லாமலே உள்ள வந்துட்டாரு."